தனிப்புள்ளி

மண்ணுத்திக் காலேஜிலிருந்து வந்திருந்தாள்,
பெயர் ஷீஜ.
கக்கத்தில் சுருட்டிய சார்ட் தாள்,
பையில் நாலு நிறத்தில் பேனா.
நாற்றங்காலில் களை பறித்துக்கொண்டிருந்தேன்.

"சேச்சி, மூலத்தறையில் வெள்ளம் விட்டால்
ஆர் சொல்லி உங்களுக்குத் தெரியும்?
மூணு பேர் பெயர் போதும்."

அவள் பாஷையில் வெள்ளம் என்றால் தண்ணீர்.
கணுக்கால் நனைய வந்தால்
கடைமடையில் எங்களுக்கும் அது வெள்ளம்தான்.

தாளை வரப்பில் விரித்தாள்.
காற்று தூக்காமல் முனைக்கொரு
மண்ணாங்கட்டி வைத்தேன்.
ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டு வரைந்த எங்கள் ஊர்:
பனை இல்லை, கோயில் இல்லை, கால்வாய்கூட இல்லை.
ஆளுக்கொரு புள்ளி,
சொன்னவருக்கும் கேட்டவருக்கும் நடுவே கோடு.

தடித்த புள்ளி சமிதிச் செயலராக இருக்கும் என்று பார்த்தேன்.
அவர் எங்கோ ஓரத்தில் கிடந்தார்.
நூற்றுப்பத்துப் பேருக்குத் தினமும் ரோஜாப்பூவும்
காலை வணக்கமும் அனுப்புகிறவர்.
ஒருநாள் தண்ணீர் என்று அனுப்பினார்,
அதற்குள் தண்ணீர் வந்து போயிருந்தது.

நடுவில் இருந்தது ஹனீபா ராவுத்தர்.
பால் சங்கத்தில் லாக்டோமீட்டர் பிடிக்கிறவர்.
ஒரு சென்ட் நிலம் கிடையாது.
கேன் வரிசையில் நிற்பவர்கள்
ஒரு சேதியை இறக்கிவிட்டு
ஒரு சேதியை ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.
"பாலில் இருக்கிற தண்ணீர்தான் எனக்குத் தெரியும்,
வாய்க்காலில் இருப்பதுமா?" என்று
வெட்கப்பட்டாராம்.

சிவப்பில் ஒரு கோடு தனியாக ஓடியது.
போன மாசியில் டீக்கடையில் யாரோ சொன்னது:
ஆழியாறில் அடைத்துவிட்டார்கள்,
வெள்ளிக்கிழமை வரை சொட்டு வராது.
அந்தப் பேச்சு பதினெட்டு வீட்டுக்குப் பாய்ந்தது.
அன்றைக்கு ராத்திரி தண்ணீர்
ஒரே வயலுக்குப் பாய்ந்தது.
சொன்னவர் பெயரை மறைத்து
பதினேழு என்று எண் போட்டிருந்தாள்.
பதினேழு யாரென்று
எங்கள் ஊர் நாய்க்கும் தெரியும்.

"இனி உங்கள் புள்ளி, சேச்சி."

நான் குத்தகைக்காரி.
கரம் கட்டிய ரசீது குனியமுத்தூர்க்காரர் பெயரில்,
குரூப்பில் இருப்பதும் அவர் நம்பர்தான்.
என் வயலுக்கு வரவேண்டிய சேதி
கோயம்புத்தூரில் மூன்றாம் மாடியில் போய்த்
தேங்கி நிற்கும்.
அது மட்டும் சொன்னேன்.

சொல்லாதது வத்சலா.
ஷட்டர் வாச்சரின் மனைவி.
சித்தூர் ஆஸ்பத்திரியில் அவள் மகனும்
என் வீட்டுக்காரரும் டெங்குவில் கிடந்தபோது
பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.
ஏழு நாள் ஒரே ஃபிளாஸ்க் கஞ்சி.
அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது குறைவு.
ஷட்டர் ஏறினால் இரண்டு மிஸ்டு கால்.
ராத்திரி என்றால் மூன்று.
நான் எடுப்பதில்லை, திருப்பி அடிப்பதில்லை.
தாளில் ஏறினால் ஆபீசில் தெரியும்,
அவள் புருஷன் வேலைக்கு ஆபத்து.
அதைவிட, பதினேழுக்குத் தெரியும்.

"யாரும் சொல்றதில்ல கண்ணு.
வாய்க்கால்ல காது வெச்சுப் பாப்பேன்."

சிரித்துக்கொண்டே அதையும் எழுதினாள்.
மூலையில் ஒரு புள்ளி வைத்தாள்,
கோடு ஒன்றும் தொடாமல்.
பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

தாளைச் சுருட்டுகையில்
இடுப்பில் போன் துடித்து நின்றது.
மறுபடி துடித்து நின்றது.
"எடுக்கலையா சேச்சி?"
"கம்பெனிக்காரன்தான்" என்றேன்.

அவள் கொழிஞ்சாம்பாறை பஸ்ஸுக்கு
நடந்து மறையும்வரை நின்றேன்.
எனக்கும் கீழே ஒரு வயல் இருக்கிறது.
புறம்போக்கு. கிட்டானுடையது.
போன் இல்லை, பால்மாடு இல்லை,
தாளில் அவனுக்குப் புள்ளியே விழவில்லை.

காக்காய்க்கு நட்டிருந்த பொம்மையைக்
கழுத்தைப் பிடித்துக் கிழக்கே திருப்பினேன்.
தூரத்தில் அவன் பீடியைத் தேய்த்து அணைத்துவிட்டு
மண்வெட்டியைத் தேடிக் குனிந்தான்.